கரீபியச் சிறு தீவுகள் – 11: இல்லாதவர்களுக்கும் ஒரு பந்தி

கேரியாக்கூவில் ஆறு கிடையாது, ஓடையும் கிடையாது. சென்ற அத்தியாயத்தில் பார்த்த கிரெனடாவின் மழைக்காடும் ஜாதிக்காய்த் தோப்பும் இங்கே இல்லை. கிரெனடாவுக்கு வடக்கே கடலில் தனியாகக் கிடக்கும் இந்தத் தீவின் பரப்பு 34 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே ஒரு குன்று, தெற்கே ஒரு குன்று, இரண்டும் ஆயிரம் அடியைத் தொடாதவை. மேகத்தைத் தடுத்து நிறுத்த அந்த உயரம் போதாது. பெய்கிற மழையை வீட்டுக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறக்கிச் சேமித்தால் ஆண்டு முழுக்கக் குடிக்கலாம், இல்லாவிட்டால் தவிக்க வேண்டியதுதான். ஜனவரி பிறந்தால் மே வரை வறட்சி.

இப்படிப்பட்ட மண்ணில்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தோட்டம் போட்டார்கள். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி தீவு பிரிட்டனுக்குப் போனது. 1779-இல் பிரெஞ்சுப் படை மீண்டும் பிடித்தது. 1783-இல் திருப்பிக் கொடுத்தது. கொடி மாறினாலும் வேலை மாறவில்லை. பருத்தியும் கரும்பும் விளைவிக்க ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தச் சின்னத் தீவில் அடிமைகளாக இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சொற்பம். தோட்ட முதலாளிகளில் பலர் தீவில் குடியிருக்கவே இல்லை. 1834 ஆகஸ்ட் 1-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838-இல் முடிந்தது. லாபம் வற்றியதும் முதலாளிகள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசே சில தோட்டங்களை வாங்கித் துண்டு போட்டு மக்களுக்கு விற்றது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் காணிக்காரர்கள் ஆனார்கள்.

அடிமைக் காலத்து உழைப்புக்குக் கணக்குப் புத்தகங்கள் சாட்சி. அந்த மக்கள் எப்படி ஆடினார்கள், எதற்காகக் கூடினார்கள், யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களில் இல்லை. அது மேளத்தில் இருக்கிறது, படகில் இருக்கிறது. கேரியாக்கூவின் எந்த விழாவை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு பங்கு, அங்கே வர முடியாதவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்கள், கடல் கடந்து போனவர்கள், எந்த ஊரிலிருந்து பிடித்து வரப்பட்டோம் என்பதையே மறக்க வைக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். இந்த அத்தியாயம் அந்தப் பங்கைப் பற்றியது.

முதலில் அன்றாடம். ஜூனில் மழை இறங்கியதும் சோளமும் துவரையும் ஒரே நிலத்தில் கலந்து விதைப்பார்கள். அந்தச் சோளம் நம் மக்காச்சோளம். துவரை நம் துவரையேதான். இந்தியாவில் பயிராகிப் பழகி, ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமைக் கப்பல்களோடு கரீபியக் கரை சேர்ந்த பயிர் அது. நாம் காயவைத்து உடைத்துப் பருப்பாக்குகிறோம். அங்கே பச்சைக் காயாகவே உரித்துச் சோற்றோடும் இறைச்சியோடும் வேகவைப்பது வழக்கம். பயிர் நிற்கும் வரை ஆடு மாடுகளைக் கட்டிப்போட்டே மேய்க்க வேண்டும். அறுவடை முடிந்து வறட்சி தொடங்கியதும் அவிழ்த்துவிடும் காலம். 'லெக்கோ' என்பார்கள். அப்போது தீவு முழுவதும் கால்நடைகளின் ராஜ்ஜியம். யார் வேலிக்குள் யார் ஆடு புகுந்தது என்ற பஞ்சாயத்துக்குக் குறைவிருக்காது.

உழவோ, வீடு கட்டுவதோ, ஒரு குடும்பத்தால் முடியாத வேலை வந்தால் 'மரூன்' கூட்டுவார்கள். ஊரே வந்து கைகொடுக்கும்; கூலி கிடையாது. கூப்பிட்டவர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். அதே பெயரில், விதைப்புக்கு முன் மழை வேண்டி ஊர் கூடிப் பொங்கிப் போடும் விருந்தும் உண்டு. திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டி, பெரிய கொப்பரைகளில் சோள மாவைத் துடுப்பால் கிண்டிக் 'குக்கு' என்ற களி செய்வார்கள். கிண்டக் கிண்ட இறுகும் அந்தக் களிக்குத் தோள் வலு வேண்டும். அதை உருண்டையாகப் பிடிப்பார்கள். சோற்றையும் அப்படியே உருட்டுவார்கள். விறகுப் புகை ஏறிய இறைச்சியும் துவரையும் சேர்த்து வாழையிலையில் பரிமாறுவார்கள். வந்தவர் எவரானாலும் சாப்பிடலாம். 2009 முதல் ஏப்ரல் கடைசியில் இதைத் தீவு முழுமைக்குமான விழாவாக, தந்தி வாத்தியக் குழுக்களோடு நடத்துகிறார்கள்.

விருந்துக்குச் சமைத்தவர்கள் மட்டுமல்ல, கொத்திக் களையெடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆண்கள் தீவில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரினிடாடுக்கும் வெனிசுவேலாவின் தங்கச் சுரங்கங்களுக்கும் போனார்கள். பிறகு பனாமாக் கால்வாய் வெட்டப் போனார்கள். 1930, 40-களில் அரூபாவின் எண்ணெய் ஆலைகள் இழுத்தன. 1950-களில் இங்கிலாந்து. அங்கே யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஒரு குட்டிக் கேரியாக்கூவே உருவானது. நியூயார்க்கின் புரூக்ளினில் இன்னொன்று. ஜமைக்காவைச் சேர்ந்த மானிடவியலாளர் எம்.ஜி. ஸ்மித் 1953-இல் இங்கே தங்கிக் கள ஆய்வு செய்தபோது, வயதுவந்தோரில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைவிட மிக அதிகமாக இருந்தது. அவர் 1962-இல் வெளியிட்ட நூல், ஆண்களில்லாத தீவில் குடும்பம் எப்படி நிற்கிறது என்ற கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டது.

போனவர்களின் பிள்ளைகளுக்குத் தீவு ஒரு பேச்சாக மட்டும் எஞ்சியது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் தாயார் கேரியாக்கூக்காரர். நியூயார்க்கில் வளர்ந்த லார்ட், அம்மா ஓயாமல் சொல்லும் அந்த ஊரைப் பள்ளி அட்லஸ்களில் தேடித் தேடி ஏமாந்திருக்கிறார். ஒரு வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 26. 1982-இல் வந்த 'ஸாமி' என்ற தன்வரலாற்று நூலில் இதை எழுதியிருக்கிறார்.

இனி மேளத்துக்கு வருவோம். 'பிக் டிரம்' என்பது அதன் பெயர். 'நேஷன் டான்ஸ்' என்றும் சொல்வதுண்டு. வீட்டு முற்றத்தில் வட்டம் கட்டி இரவு முழுக்க ஆடுவது. மூன்று மேளங்கள், மூன்றும் பழைய பீப்பாய்களில் ஆட்டுத்தோல் கட்டிச் செய்தவை. இரண்டுக்குப் 'பூலா' என்று பெயர். அவை மாறாத தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது 'கட்டர்'. அதன் தோலுக்குக் குறுக்கே ஊசிகள் கோத்த ஒரு நூல் ஓடும். அடிக்கும்போது மேளம் அதிர்ந்து ரீங்கரிக்கும். ஆடுபவர் கால் எடுத்து வைப்பதைப் பார்த்துக் கட்டர் பேசும், கட்டர் பேசுவதைக் கேட்டு ஆடுபவர் திரும்புவார். பெண்கள் கிலுகிலுப்பை குலுக்கிப் பாடுவார்கள். பழைய பாடல்கள் பிரெஞ்சுக் கிரியோலில். அந்த மொழியை அன்றாடம் பேசுகிறவர்கள் தீவில் அநேகமாக மறைந்துவிட்டார்கள். பாட்டில் அது பிழைத்திருக்கிறது.

ஆட்டம் தொடங்குமுன் வட்டத்தில் ரம்மும் தண்ணீரும் தெளிக்கிறார்கள். முதல் மேளம் குரொமாந்திக்கு. பொற்கரையிலிருந்து வந்தவர்களின் வழி அது. முன்னோரிடம் மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டுப் பாடும் பாட்டும் இந்த முதல் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் வட்டத்துக்குள் இருப்பவர்கள் முன்னோர் என்பது நம்பிக்கை. அவர்கள் ஆடி முடிக்கும் வரை உயிரோடிருப்பவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் இனமாக அழைப்பு வரும். இக்போ, மண்டிங், அராடா, மோக்கோ, சம்பா, தெம்னே, பண்டா, கொங்கோ. குரொமாந்தியோடு சேர்த்து ஒன்பது. தன் இனத்தின் தாளம் எழும்போது அந்த வழிவந்தவர் வட்டத்துக்குள் இறங்குவார். அகன்ற பாவாடையின் இரு ஓரங்களையும் கையில் பிடித்து, இறக்கை விரித்ததுபோல் ஒரு பெண் சுழல்வதைப் பழைய பதிவுகளில் பார்க்கலாம். உப்புத் தின்னாத முன்னோர் ஆப்பிரிக்காவுக்கே பறந்து திரும்பினார்கள் என்றொரு கதையும் இங்கே வழங்குகிறது.

ஒன்பது பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடிமைச் சந்தையில் முதலில் பறிக்கப்பட்டது பெயர். அடுத்தது மொழி, அதற்கடுத்தது உறவு. அப்படிப் பறிகொடுத்தவர்களின் வாரிசுகள், இரு நூற்றாண்டுகள் கழித்தும், நான் இக்போ, என் பக்கத்து வீட்டுக்காரர் மண்டிங் என்று சொல்ல முடிகிறது. தோட்ட முதலாளிகள் தீவில் குடியிராததும், பின்னர் அடியோடு விலகியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், இந்த ஆட்டத்தை வேடிக்கைக்கு என்று தனியாக ஒதுக்காமல் கல்யாணம், சாவு, படகு, விதைப்பு எல்லாவற்றோடும் பிணைத்து வைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பிணைப்பு நெருக்கமாகத் தெரியும் இடம் கல் விருந்து. ஒருவர் இறந்ததும் கல்லறைக் கல் நடுவதில்லை. சிமென்டுக்கும் விருந்துக்கும் பணம் சேர வேண்டும். அரூபாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ மகன் அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டு ஆகலாம், பத்தும் ஆகலாம். அதுவரை இறந்தவரின் ஆவி அமைதி கொள்ளவில்லை என்று கருதுவார்கள். சில சமயம் அது கனவில் வந்து கேட்கும். அம்மா கனவில் வந்தாள், பசிக்கிறது என்றாள் என்று ஒருத்தி காலையில் எழுந்து சொன்னால், வீடு விருந்துக்குத் தயாராக வேண்டியதுதான். கல் நடும் நாளில் ஆடு அடித்து, மேளம் கட்டி, ஊரை அழைப்பார்கள். வீட்டுக்குள் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சமைத்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் படைப்பார்கள். அதற்குப் 'பெற்றோர் தட்டு' என்று பெயர். விடிவதற்குள் யாரும் அதைத் தொடக்கூடாது. வெளியே மேளம் முழங்கிக்கொண்டிருக்கும். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அந்தப் படையல் காத்திருக்கும்.

இந்தப் பாடல்களை ஆண்ட்ரூ பியர்ஸ் என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்து, 1956-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளியிட்டார். 1962-இல் அமெரிக்க நாட்டார் இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வந்தார். கட்டர் வாசிப்பில் பேர்பெற்ற சுகர் ஆடம்ஸின் கை அவர் நாடாக்களில் இருக்கிறது. லோர்னா மக்டேனியல் 1998-இல் எழுதிய நூல் இந்தச் சடங்கைப் பற்றிய முக்கியமான ஆய்வு. பால் மார்ஷலின் 1983 நாவல் ஒன்றின் உச்சக்கட்டமே இந்த மேள வட்டத்துக்குள்தான் நடக்கிறது. வசதியான அமெரிக்கக் கறுப்பின விதவை ஒருத்தி, கிரெனடாவிலிருந்து ஆண்டுதோறும் ஊர் திரும்பும் கேரியாக்கூ மக்களோடு படகேறி வந்து, தன் இனம் எதுவென்று தெரியாமல் அங்கே நிற்பாள்.

தீவின் கிழக்குக் கரையில் விண்ட்வர்ட் என்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் கப்பல் தச்சர்கள் குடியேறிய இடம். மக்லாரன் போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் உண்டு. இங்கே மரக்கலங்களை வரைபடம் இல்லாமல், கண்ணளவை நம்பிக் கட்டுகிறார்கள், அதுவும் கடற்கரை மணலிலேயே. விலா மரங்களுக்கு வெண் தேவதாரு வேண்டும். காற்றில் வளைந்து வளர்ந்த கிளையைத் தேடித் தச்சர் குன்றேறுவார். படகின் எந்த வளைவுக்கு எந்தக் கிளை என்று மரம் நிற்கும்போதே முடிவாகிவிடும். பலகை பெரும்பாலும் கயானாவிலிருந்து வருகிறது.

கட்டி முடிய ஆண்டுக்கணக்காகும். இறக்கும் நாள் ஒரே நாள்தான், ஆனால் அதுதான் திருவிழா. பாதிரியார் வந்து மந்திரிப்பார். படகுக்கு ஞானத் தாயும் தந்தையும் உண்டு, பெயர்ப் பலகையை மூடிய துணியை அவர்கள் விலக்குவார்கள். தளத்தில் ஆடு வெட்டி இரத்தம் சிந்துவதும் ரம் தெளிப்பதும் அதே நாளில். கிறிஸ்தவமும் ஆப்பிரிக்காவும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் அந்தத் தளத்தில் நிற்கும். பிறகுதான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் கட்டம். படகு இருபுறமும் முட்டுக்கால்களில் நின்றுகொண்டிருக்கும். ஒரு பக்க முட்டுக்கால்களின் அருகே ஆளுக்கொரு கோடரியோடு வரிசையாக நிற்பார்கள். தலைமைத் தச்சர் குரல் கொடுக்கக் கொடுக்க, எல்லா முட்டுகளையும் ஒரே அளவில் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருவர் அவசரப்பட்டாலும் பாரம் ஒரு முனையில் இறங்கிப் படகு முறுக்கிக்கொள்ளும். மெல்ல மெல்ல அது ஒருக்களித்துப் படுக்கும். அதன் கீழே உருளைக் கட்டைகள். வடத்தைக் கட்டிப் பாட்டுப் பாடி ஊரே இழுக்கும். பெண்களும் சிறுவர்களும் வடம் பிடிப்பார்கள். மாலைக்குள் படகு தண்ணீரில் மிதந்தால் இரவு மேளம் உறுதி.

இந்தப் படகுகள்தான் ஆண்களை வெளியே கொண்டுபோயின. இவைதான் சரக்கோடும், சுங்கம் கட்டாத விஸ்கியோடும் திரும்பின. இயந்திரக் கப்பல்கள் பெருகி, பாய்மரச் சரக்குப் போக்குவரத்து தேய்ந்தபோது தச்சுத் தொழிலும் சரியத் தொடங்கியது. ஜமைக்காவில் பிறந்து கேரியாக்கூவில் குடியேறிய படகோட்டி லின்டன் ரிக் 1965-இல் படகுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். ஆகஸ்ட் முதல் வாரக்கடைசியில், அடிமைமுறை ஒழிந்த நாளையொட்டி அது நடக்கிறது. பரிசுக்காகவும் மானத்துக்காகவும் புதுப் படகுகள் கட்டப்பட்டன. கரையில் கழுதைப் பந்தயமும் வழுக்குமரமும் கூடவே உண்டு. தச்சர் ஆல்வின் ஈனோ தன் மகன்களோடு கடைசியாக ஒரு படகு கட்டியதை 'வேனிஷிங் செய்ல்' என்ற ஆவணப்படம் காட்டுகிறது. மரக்கலம் பற்றி அக்கறை உள்ள எவரும் பார்க்க வேண்டிய படம். கேரியாக்கூ, பெத்தி மார்தினிக் தீவுகளின் மரப்படகுக் கட்டுமானம் 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மாசி வாக்கில் கார்னிவல் வரும். உலகத்தில் வேறெங்கும் நான் கேள்விப்படாத ஒரு போட்டி அப்போது இங்கே நடக்கிறது. தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. முகத்தில் வண்ணம் தீட்டிய கம்பிவலை முகமூடி, தலையிலிருந்து முதுகு வரை தடித்த கவசத் துணி, கையில் சாட்டை. இரண்டு ஊர்க்காரர்கள் நடுத்தெருவில் எதிரெதிராக நிற்பார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்திலிருந்து ஒருவர் ஒரு வசனத்தைக் கேட்பார்; மற்றவர் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் முதுகில் சாட்டை விழும். ஆன்டனியின் நீண்ட உரையை மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்கும் மீனவர்களும் கொத்தனார்களும் இங்கே உண்டு. சுற்றி நிற்கும் கிழவர்களுக்கும் வரிகள் தெரியும், ஏமாற்ற முடியாது. ஆங்கிலேயர் பள்ளியில் புகுத்திய 'ராயல் ரீடர்' பாடப்புத்தகம் வழியே வந்த வசனங்கள் இவை. பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த பாடத்தை, தாங்களே சாட்டை ஏந்திச் சரிபார்க்கும் விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். பழைய நாட்களில் வடக்கு ஊர்களும் தெற்கு ஊர்களும் கைகலந்து மண்டை உடைந்ததுண்டு. பெண்கள் கல் சேகரித்துக் கொடுப்பார்களாம். இப்போது அடி குறைந்து வசனம் மிஞ்சியிருக்கிறது.

டிசம்பரில் பராங். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரக்கடைசியில் 1977 முதல் நடக்கும் தந்தி வாத்தியப் போட்டி. அந்த ஆண்டு ஊரில் நடந்த குட்டுகளை எல்லாம் பாட்டாகக் கட்டி மேடையேற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், தாங்கள் இல்லாதபோது நடந்ததையெல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துகொள்வார்கள். மற்ற மாலைகள் ரம் கடையில் கழியும். டாமினோ கட்டையை மேசையில் ஓங்கி அறையும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். 'ஜாக் அயர்ன்' ரம்மில் ஐஸ் கட்டி போட்டால் அடியில் போய் உட்காரும், அவ்வளவு சாராயச் சத்து.

இதையெல்லாம் உள்ளிருந்து பார்த்து வரைந்தவர் ஒருவர் உண்டு. லெஸ்தேர் ஊரின் கன்யூட் கலிஸ்ட், 1914-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். ஒன்பது வயதில் கடற்கன்னியைக் கண்டதாகவும் அதிலிருந்தே கலை தன்னிடம் வந்ததாகவும் சொல்வார். குவாட்ரில் நடனத்துக்கு வயலின் வாசிப்பார். பிரெஞ்சு, ஆங்கிலேய மாளிகைகளின் அந்த நடனத்தை வயலின், பெரிய டிரம், இரும்பு முக்கோணம், கஞ்சிரா வைத்து இந்த ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது. அவர் ஓவியங்களில் படகு இறக்குகிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள். ஆழ அகலக் கணக்கெல்லாம் பார்க்காத பளிச்சென்ற வண்ணங்கள். கீழே தன் கையெழுத்திலேயே, தன் எழுத்துக்கூட்டலிலேயே ஒரு தலைப்பு. ஆயிரக்கணக்கில் வரைந்தார். கேரியாக்கூவின் அன்றாட வரலாற்றுக்கு ஸ்மித்தின் நூலுக்குச் சமமான ஆவணம் கலிஸ்டின் ஓவியங்கள் என்பது என் கருத்து.

1955 செப்டம்பரில் ஜேனட் புயல் இந்தத் தீவைச் சிதைத்தது. 2005-இல் எமிலி. 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்த பெரில், நான்காம் வகைப் புயலாக, மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கேரியாக்கூவின் மீதே கரையேறியது. அநேகமாக எல்லாக் கட்டடங்களும் சேதமடைந்தன அல்லது இடிந்தன. கூரை பறந்த வீட்டில் குடிநீரும் இல்லை. புயலிலிருந்து தப்ப டிரெல் விரிகுடாவின் சதுப்புநிலக் காட்டுக்குள் ஒதுங்கிய படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. கடல் மட்டம் உயர்ந்து, டிபோ கல்லறைத் தோட்டத்தை அலை அரித்துக்கொண்டிருப்பது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து நட்ட கற்கள் அங்கே கடலுக்குள் சரிகின்றன.

மறுகட்டுமானக் கணக்கில் வீடு, மருத்துவமனை, பள்ளி, படகுத்துறை வந்துவிடும், வரவும் வேண்டும். குன்றில் மொட்டையாகிப்போன வெண் தேவதாரு மரங்களை மீண்டும் நடுவது யார்? வேலை தேடி மறுபடி வெளியேறும் இளைஞர்களில் எத்தனை பேருக்குக் கட்டர் வாசிக்கத் தெரியும்? விண்ட்வர்ட் கரையில் பழகுநராகச் சேரும் பையனுக்குக் கூலி கொடுக்கவும், லெஸ்தேரில் ஒரு பிள்ளைக்கு வயலின் சொல்லித்தரவும் ஆகும் செலவு, ஒரு சாலைக்கு ஆகும் செலவில் துளிதான். அந்தத் துளியும் கணக்கில் ஏற வேண்டும் என்று கேட்பதற்கு இந்தத் தீவின் முந்நூறு ஆண்டு வரலாறு போதுமான நியாயம்.

அடுத்த அத்தியாயத்தில் இன்னும் வடக்கே, கைத்துடுப்புப் படகில் திமிங்கில வேட்டைக்குப் போகும் பெக்வே தீவுக்குப் போவோம்.

(தொடரும்)